468 வெள்ளி போச்சு: ஹீட்டருக்கு ‘வோல்டேஜ் குறைக்கும் பெட்டி’ வாங்கிவிடாதீர்கள்

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் தட்டுகிறேன். பெட்டிக்கு 388, மாட்டிவிட 80. மொத்தம் 468 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கடை பெயர் வேண்டாம். அக்கம்பக்கக் கடைத்தொகுதியில் விசிறி, விளக்கு, வாட்டர் ஹீட்டர் விற்கிற மின்சாமான் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்லி விற்கிறார்கள்? “சிங்கப்பூர் கரண்டு 230 வோல்ட். உங்க ஹீட்டருக்கு அவ்வளவு தேவையில்ல. இந்தப் பெட்டி 210 ஆக்கிடும், பில்லு 17 விழுக்காடு கொறையும்.”

நம்ப வைத்த இடம் இதுதான், கவனமாகப் படியுங்கள். மேசைமேல் ஒரு கெட்டில், ஒரு வாட்மீட்டர். பெட்டி இல்லாமல் போட்டால் 2100 வாட். பெட்டி வழியாகப் போட்டால் 1750 வாட். “அண்ணே, நான் சொல்ல வேணாம், கண்ணால பாருங்க” என்று மீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டியது வாட். பில் வருவது யூனிட்டுக்கு, அதாவது வாட்டை நேரத்தால் பெருக்கியதற்கு. கெட்டில் கொதிக்கும்வரை யாரும் நிற்கவே இல்லை! இரண்டு தடவையும் பத்து விநாடியில் சுவிட்சை அணைத்துவிட்டார். பணம் கொடுத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

17 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்றால், ஹீட்டருக்குள் இருக்கும் சூடேற்றும் சுருளின் மின்தடை பெரிதாக மாறாது. 3000 வாட் ஹீட்டருக்கு அது சுமார் 17.6 ஓம். வோல்டேஜை அதனாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 230இல் 3000, 210இல் ஏறத்தாழ 2500. வோல்டேஜ் குறைவது 9 விழுக்காடு, வாட் குறைவது 17. இதுவரை நிஜம்.

ஆனால் தண்ணீருக்கு வாட் தெரியாது. என் ஹீட்டர் தொட்டியில் இருக்கும் 30 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 1.12 யூனிட் வேண்டும், அவ்வளவுதான். 3000 வாட்டில் 22 நிமிடம், 2500 வாட்டில் 27 நிமிடம். சூட்டைப் பார்த்து அணைக்கும் தெர்மோஸ்டாட் 60 ஆகும்வரை விடாது. ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறோம், யூனிட் அதே 1.12. ஒரு காசுகூட மிச்சமில்லை. கரண்ட் குறைந்தால் சுவருக்குள் ஓடும் கம்பியில் வீணாவது குறையுமே என்று கடைக்காரர் ஒரு போடு போட்டார். அதுவும் கிடையாது. ஆம்பியர் 13இலிருந்து 12க்குக் கொஞ்சம் கீழே இறங்கும்போது நேரம் அந்த அளவுக்கு நீள்கிறது. ஒரு தொட்டி தண்ணீருக்குக் கம்பியில் போகும் வெப்பம் இரண்டு கணக்கிலும் ஒன்றேதான்.

வீட்டில் பெட்டியைக் கழற்றி முறையாக அளந்தேன். நீங்களும் செய்யலாம்: கெட்டிலில் அளந்து ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர், மீட்டரில் யூனிட் பூஜ்யம், கெட்டில் தானாக அணையும்வரை கை வைக்கக்கூடாது. அடுத்த தடவைக்கு முன் கெட்டிலை நன்றாக ஆறவிட வேண்டும். பெட்டி இல்லாமல் 2 நிமிடம் 41 விநாடி, 0.094 யூனிட். பெட்டியோடு 3 நிமிடம் 17 விநாடி, 0.097 யூனிட். கூடியிருக்கிறது! மெதுவாகக் கொதித்தால் கெட்டில் சுவர் வழியாகப் போகும் சூடும் அதிகம், பெட்டி தின்பதும் அதோடு சேர்கிறது. கடையில் மீட்டரைப் பெட்டிக்கும் கெட்டிலுக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். பெட்டி தின்பதை அந்த மீட்டர் பார்க்கவே முடியாது. மீட்டர் சுவர் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்கு முன்னால்.

பெட்டிக்குள் இருப்பது இரும்பும் செம்புச் சுருளும், சாதாரண ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஹீட்டர் சுவிட்சுக்கு முன்னால், டிபி (வீட்டு மின்விநியோகப் பெட்டி) பக்கம் மாட்டியதால் சுவிட்சை அணைத்தாலும் அது ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும்போதே 9 வாட். வருடத்துக்கு 79 யூனிட். ஜிஎஸ்டி சேர்த்து யூனிட் 30 காசு என்று வைத்தால் 24 வெள்ளி. மிச்சம் பிடிக்க 468 வெள்ளி கொடுத்து, வருடம் 24 வெள்ளி அதிகம் கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்.

அதைவிட மோசம், பெட்டியின் பின்பக்கச் சீட்டில் 10 ஆம்பியர் என்று இருக்கிறது, அதாவது அதுவரைதான் தாங்கும். 210 வோல்டிலும் ஹீட்டர் 12 ஆம்பியர் இழுக்கிறது. கழற்றியபோது முனையில் கம்பியின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

சரி, திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால்? முதல் நாள்: “மூணு மாசம் ஓடட்டும்ணே, மீட்டர் பழகணும்.” மின் அளவி என்ன நாய்க்குட்டியா, பழகுவதற்கு? இரண்டாவது தடவை, “உங்க புளோக்குல ஏற்கெனவே வோல்டேஜ் கம்மி போல.” அளந்த எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில்: “கழற்றிட்டீங்க, வாரண்டி செல்லாது.” அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான்.

கடையிலேயே ஒரு பெருக்கல் போட்டிருக்கலாம், அதுதான் வயிற்றெரிச்சல். நாளைக்கு இரண்டு தொட்டி என்றால் மாதம் 67 யூனிட், சுமார் 20 வெள்ளி. 17 விழுக்காடு உண்மையாகவே குறைந்தாலும் மாதம் 3 வெள்ளி 40 காசு. 468 வெள்ளியை மீட்க 11 வருடத்துக்கு மேல்.

மற்ற சாமான்களுக்கு உதவுமா என்று கேட்பீர்கள். ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஹீட்டர் கதைதான். இன்வர்ட்டர் ஏர்கானும் எல்இடி விளக்கும் வோல்டேஜ் குறைந்தால் கரண்டை ஏற்றி அதே வாட்டை எடுத்துக்கொள்ளும். தொட்டி இல்லாத உடனடி ஹீட்டரில் மட்டும் குறையும், ஏனென்றால் தண்ணீர் சூடு குறைந்து வரும். அதற்கு அதன் திருகு இருக்கிறதே, இலவசமாக!

எப்படி மிச்சம் பிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை போய்விட்டது. அவசரமாக: வாட்டைக் காட்டி விற்றால் யூனிட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டர் சீட்டில் எழுதியிருக்கும் வாட் எந்த வோல்டேஜுக்கு என்று பாருங்கள், 240க்கு 3000 என்றால் 230இல் 2750தான், யாரும் திருடவில்லை. ஜப்பானிலிருந்து 100 வோல்ட் கெட்டில் கொண்டுவந்தால் இங்கே நேராகச் செருகாதீர்கள், ஐந்து மடங்கு வாட் இழுத்துக் கருகிவிடும். ஹீட்டர் வயரில் கை வைக்க உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை மட்டும் விடுங்கள். அழைக்காமல் வீட்டுக்கே வந்து விற்றுவிட்டுப் போனால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். எனக்கு அது பொருந்தாது, நானே கடைக்கு நடந்து போய்க் கொடுத்த பணம். அதனால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் போடப்போகிறேன். ரசீது, வாட்ஸ்அப், பழுப்பேறிய கம்பியின் படம் எல்லாம் இருக்கிறது.

பெட்டியை எடுத்துவிட்டுப் பழையபடி இணைக்க வந்த எலக்ட்ரீஷியன் 50 வெள்ளி வாங்கினார். தலைப்பில் 468 என்று போட்டுவிட்டேன். 518.