மாலை போட்டிருந்த நாளைக் கேட்டார்கள் (5-க்கு 4)

அண்ணனைக் கூட்டிப்போன மூன்றாவது இடம் இது. முன்னால் போன மறுவாழ்வு மையத்தில், "மென்டல் கேஸெல்லாம் நாங்க எடுக்கிறதில்லை" என்றார்கள். மனநல ஆஸ்பத்திரியிலோ, "முதல்ல குடியை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க." நாலு வருஷம் இந்த இரண்டு வாசலுக்கும் அலைந்த ஆட்டோ காசில் ஒரு ஆட்டோவே வாங்கியிருக்கலாம்.

இங்கே குடி, மனநோய் இரண்டையும் ஒரே வார்டில், ஒரே டாக்டர் பார்க்கிறார். நட்சத்திரங்கள் அதற்குத்தான்.

முதல் நாலைந்து நாள் கேள்வியே கிடையாது. கை நடுக்கம், வியர்வை. குடியைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம் என்பதால் நர்ஸ் ராத்திரியிலும் வந்து பார்த்தார். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். அண்ணன் தெளிந்த பிறகுதான் டாக்டர் எங்களை உட்காரவைத்துக் கேட்டார்: "குடிக்காம இருந்த காலம் ஏதாவது உண்டா? அப்ப எப்படி இருந்தார்?"

அம்மாதான் சொன்னார். ஐயப்பனுக்கு மாலை போட்ட வருஷம் 48 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் அப்போதுதான் தூக்கமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் காம்பவுண்டு சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்தார். அதைப் பாதியில் விட்டு, பாத்திரக்கடை வைக்கப்போகிறேன் என்று 11 அண்டா வாங்கி வந்தார். பக்தி முற்றிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். டாக்டர் எழுதுவதை நிறுத்தி, அதை மறுபடி சொல்லச் சொன்னார். குடியால் வரும் மனச்சோர்வு, குடியை விட்ட சில வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடுமாம். குடியே இல்லாதபோது மனநிலை இப்படி ஏறினால் அது தனி நோய். பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறவும் இறங்கவும் செய்யும் நோய்.

சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தை ஆரம்பித்தார்கள். ராத்திரி எட்டுக்கு மாத்திரை, டெஸ்ட் நாளில் காலை எட்டுக்கு மருந்து அளவு பார்க்க ரத்தம். 12 மணி நேரக் கணக்கு தவறுவதில்லை. வாந்தி, பேதி வந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும், உடனே கூப்பிடுங்கள் என்று சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

ஏழு மாதம் ஆகிறது. இடையில் ஒரு தடவை குடித்துவிட்டார். யாரும் வகுப்பெடுக்கவில்லை, இரண்டு நாள் அட்மிட் போட்டு, லித்தியம் அளவு பார்த்து அனுப்பினார்கள்.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் போனது? குடும்பத்துக்கான கவுன்சலிங் புதன்கிழமை காலை 11 மணிக்கு மட்டும்தான். கடையைப் பூட்டிவிட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது. கேன்டீன் சாம்பாரைப் பற்றி அண்ணனே தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.