சுங்கை சிப்புட் மனுக்கடை: ஐந்து ரிங்கிட்டுக்கு ஒரு கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைவீதியில், போட்டோஸ்டாட் எடுப்பதும் பாரம் (படிவம்) நிரப்புவதும் மனு எழுதுவதும் கொஞ்சம் தமிழ்ப் புத்தகம் விற்பதுமாக ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கடை நடத்துகிறார். பலகையில் போட்டோஸ்டாட் என்று மட்டுமே எழுதியிருக்கிறது. ஊரார் அதை மனுக்கடை என்றுதான் சொல்கிறார்கள். சென்ற மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன்.

அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியும் உரம் போட்டும் எங்களை வளர்த்தவர். தோட்டம் கைமாறியபோது பழைய நிர்வாகம் ஆட்களை நிறுத்திவிட்டது. வாங்கியவர்களும் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டு நிறுத்தியதற்கான இழப்பீடு என்று கையில் கொடுத்த தாளில் இருந்த தொகை குறைவு என்பது அம்மாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எங்கே குறைகிறது என்பதுதான், மலாய் மொழியில் இருந்த அந்தத் தாளை இரண்டு முறை வாசித்த எனக்கும் பிடிபடவில்லை.

பக்கத்துக் கடையில் பத்து நிமிடத்தில் மனு கிடைக்கும். கணினியில் கிடக்கும் பழைய கடிதத்தில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஆசிரியர் முதலில் முழுக் கதையையும் தமிழில் கேட்டு, கொப்பியில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார், பிறகு மலாயில் எழுதி, எழுதியதை வரி வரியாகத் தமிழில் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் "சரிதானாம்மா?" என்று நிறுத்துகிறார். மூன்றாவது வரியில் அம்மா குறுக்கிட்டார். "ஐயா, தொண்ணூற்றொன்பது இல்லை. தொண்ணூற்றேழு தீபாவளிக்கு முன்னமேயே நான் பெரட்டுக்குப் போனவள்." பெரட்டு என்பது தோட்டத்தில் வேலை தொடங்குமுன் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் இடம். அம்மா வேலைக்குச் சேர்ந்த ஆண்டு நிர்வாகத்தின் தாளில் 1999 என்றிருந்ததை ஆசிரியரும் அப்படியே எடுத்து எழுதியிருந்தார்.

ஆசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பழைய சம்பளச் சீட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் அம்மா மைலோ டின்னோடு வந்தார். அடியில், மடிப்பு கிழிந்த நிலையில், 1997 அக்டோபர் மாதச் சீட்டு இருந்தது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் இருபது நாள் சம்பளம் தர வேண்டும். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை என்றால் பதினைந்து நாள், அதற்கும் குறைவென்றால் பத்து நாள். விடுபட்ட இரண்டு ஆண்டுக்கு நாற்பது நாள் சம்பளம் என்று அவர் கொப்பியிலேயே கணக்குப் போட்டுக் காட்டியபோது, அம்மா அந்தப் பக்கத்தைத் தம் பக்கம் திருப்பி வைத்து வாசித்துப் பார்த்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது.

கடைச் சுவரில், 1941இல் கிள்ளான் தோட்டப் பாட்டாளிகள் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளை ஆசிரியர் தம் கைப்பட எழுதிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, கொடுமைக்கார அதிகாரிகளை நீக்குவது ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அன்றாடம் சைக்கிளை விட்டு இறங்கிப் பழகியவர்கள், அது கேட்டுப் பெறக்கூடிய உரிமைதான் என்று எழுத்தில் வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அவர்களுக்கு முன்நின்றவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். அரசாங்கம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் தோட்டத்துக்குள் என்ன செய்துவிட முடியும் என்பதைத் துரைமார்களும் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கட்டணப் பட்டியல் எங்கும் இல்லை. எங்களிடம் ஐந்து ரிங்கிட் வாங்கியவர், முன்னால் வந்த கிழவரிடம் ஒன்றும் வாங்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்றாலும், காசு கொடுக்க விரும்புகிறவர் எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. ஒரு கடிதத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, உட்கார இருப்பதோ மூன்று நாற்காலிதான். இணையத்தில் நிரப்ப வேண்டிய பாரங்களை அவர் தொடுவதில்லை. பக்கத்துக் கடைக்கே அனுப்பிவிடுகிறார். இந்தக் காலத்தில் இது பெரிய குறைதான், ஒரு கணினியும் அதைத் தெரிந்த பையன் ஒருவனும் இருந்தால் தீர்ந்துவிடும். புத்தக அலமாரியில் பழைய தேர்வுத்தாள் தொகுப்புகளே அதிகம்.

தொழிலாளர் இலாகாவில் அம்மாவின் விசாரணைக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். மலாய் மனுவோடு, கேட்காமலேயே, ஆசிரியர் ஒரு தமிழ்ப் பிரதியும் எழுதிக் கொடுத்திருந்தார்; அதை அம்மா வாரத்துக்கு இருமுறையாவது எடுத்து வாசிக்கிறார்.

கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று பலகை சொல்கிறது, ஒன்பதரைக்குப் போவது நல்லது. சம்பளச் சீட்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.