ஆலயக் கூரையில் சோலாரா, கடலோரத்தில் பனையா?

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை, இயற்கையைக் காக்க வேண்டி திருச்சபைகள் அனுசரிக்கும் படைப்பின் காலம். கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ. எதுவானாலும் பிரசங்கத்தில் பருவநிலை மாற்றம் வந்துவிடும். பிரசங்கத்தோடு நிற்காமல் ஏதாவது செய்யலாம் என்று குமரி மாவட்டத்தில் ஒரு கமிட்டி கூடினால், ஆலயக் கூரையில் சோலார் வைப்பதா, கடலோரத்தில் பனை நடுவதா என்பதில் பேச்சு முட்டி நிற்கும்.

செலவு
சோலார்: கிலோவாட்டுக்கு அரை லட்சமாவது ஆகும். வீடுகளுக்கான மத்திய அரசு மானியம் ஆலயத்துக்குக் கிடையாது.
பனை: விதை கீழே கிடக்கிறது. பொறுக்க ஆள் போதும்.

ஆயுள்
சோலார்: தகடு 25 வருடம் வரும், இன்வெர்ட்டரை நடுவில் மாற்றவேண்டியிருக்கும். உண்மையான எதிரி உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் இரும்புச் சட்டம் என்றால் போல்ட்டைச் சுற்றித்தான் முதலில் துரு கசியும். அலுமினியச் சட்டம், ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.
பனை: தலைமுறைகள் தாண்டும். அக்கானிக்குத்தான் (பதநீர்) 15 வருடம் போல பொறுக்கணும்.

பலன்
சோலார்: ஒரு கிலோவாட்டில் நாளுக்குச் சுமார் 4 யூனிட். பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். 2017 ஒக்கி புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்க்காரர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.
பனை: மண்ணைப் பிடிக்கும். கார்பன் கணக்கில் உடனே எதுவும் தெரியாது.

பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ ஒட்டியிருந்து பகலில் கரண்ட் ஓடும் ஆலயம் என்றால் யோசிக்காமல் சோலார். ஞாயிறு மட்டும் திறக்கும் சின்னக் கடலோரச் சபைக்குப் பனை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே நட்டுவிடுவார்கள். எதை எடுத்தாலும், பத்து நாள் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் அதே கமிட்டியில் பேசுங்கள்.