அரசு இரும்புச்சத்து மாத்திரையா, கடை மல்டிவைட்டமினா?

கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். கடை மல்டிவைட்டமினில் இரும்பு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. கூடவே கால்சியமும் இருந்தால் இரும்பு உடலில் சேர்வது இன்னும் குறையும். ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடும் வசதியான வீடுகளில்தான் அந்த டப்பா அதிகம் (டப்பாவின் அழகுக்கும் சேர்த்தே காசு).

இலவச மாத்திரை தோற்பது வேறிடத்தில். குமட்டல், மலச்சிக்கல், கறுத்த மலம் கண்டு பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பே. குமட்டினால் இரவு உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். எலுமிச்சைச் சாறோடு போட்டால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபி, கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பாதியில் நிறுத்தி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் (இரும்பால் ஆன சிவப்பணுப் புரதம்) 7 கிராமுக்குக் கீழே போய்விட்டால் ஆஸ்பத்திரிப் படுக்கை, இரும்பு ஊசி, சிலருக்கு ரத்தம் ஏற்றுதல் என்று செலவு எங்கோ போய்விடும்.