லேக்கர்ஸுக்கு யார் சரி: லூக்காவா, டேவிஸா?

சேலம் அஸ்தம்பட்டியில் காலை ஒன்பது மணிக்கு அமெரிக்க NBA கூடைப்பந்து லீகின் லேக்கர்ஸ் அணி ஆட்டம் பார்க்கும் எங்கள் செட்டில், 2025 பிப்ரவரியில் ஆண்டனி டேவிஸை டல்லாஸ் அணிக்குக் கொடுத்து லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸ் வாங்கிய அந்த மாற்றம் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. சரி, 2023-24 சீசனை வைத்துப் பார்ப்போம்.

புள்ளிகள்: லூக்கா டான்சிச் ஆட்டத்துக்கு 33.9, லீகிலேயே முதலிடம். ஆண்டனி டேவிஸ் 24.7.

ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஆட்டத்துக்கு: டேவிஸ் 12.6, லூக்கா 9.2.

தடுப்பாட்டம்: டேவிஸ்தான். கூடைக்கடியில் அவர் நின்றால் எதிரணி உள்ளே நுழையவே யோசிக்கும். வேகமான கார்டுகள் (பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறும் வீரர்கள்) எதிரே வந்தால் லூக்கா தடுமாறுவார். அப்புறம், 2020 NBA கோப்பையை வென்ற லேக்கர்ஸ் அணியில் டேவிஸ் இருந்தார்; அதை மறக்க முடியாது.

வயது: மாறியபோது லூக்காவுக்கு 25, டேவிஸுக்கு 31.

மூத்த நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் ஆடும்போதே இன்னொரு கோப்பை வேண்டுமென்றால் டேவிஸ். லெப்ரானுக்குப் பிறகும் அணி நிற்க வேண்டுமென்றால் லூக்கா. என் ஓட்டு லூக்காவுக்கே.