மேலதிகத் தந்திகள்: கடதாசி உறையா, மூடிய பேணியா?

யாழ்ப்பாணத்தில் வயலின், வீணை படிக்கிறவர்கள் கொழும்புக்கோ சென்னைக்கோ போய்வருகிற ஆளிடம் சொல்லி, கையோடு சில செட் தந்திகளை எடுப்பித்து வைப்பார்கள். அவற்றை வந்த உறையோடு வாத்தியப் பெட்டிக்குள் விடுவதா, பேணியில் போட்டு மூடுவதா?

செலவு: உறைக்கு ஒன்றுமில்லை. பேணிக்கும் அப்படித்தான், வீட்டில் இறுக்கமான மூடியுள்ள ஏதாவது கிடக்கும்.

துரு: விஷயமே இதுதான். கடற்காற்றில் உப்பு, கார்த்திகை மார்கழியில் விடாத மழை. கடதாசி ஈரத்தை உறிஞ்சித் தந்தியோடு ஒட்டி வைத்திருக்கும். மேலே கம்பி சுற்றாத வெறும் எஃகுத் தந்திதான் முதலில் போகும்: வயலினின் மெல்லிய தந்தி, வீணையின் முதல் தந்தியான சாரணி. விரலை ஓட்டிப் பாருங்கள், சொரசொரத்தால் துரு பிடித்துவிட்டது. பித்தளை கறுக்கும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் அறாது. பேணிக்குள் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டால் எஃகு நீண்ட நாள் பளபளப்பாகவே இருக்கும். மழை நாளில் மட்டும் தந்திகளைப் பேணியில் போட்டு மூடாதீர்கள், ஈரமும் சேர்ந்து அடைபட்டுவிடும்.

வசதி: கச்சேரி நடுவில் தந்தி அறுந்தால் பெட்டிக்குள் இருக்கிற உறைதான் கைகொடுக்கும். பேணி வீட்டில் இருக்கும்!

வளைவு: சின்னப் பேணிக்குள் திணித்தால் தந்தி மடியும், மடிந்த இடத்திலேயே அறும். சுருள் அகலமாகக் கிடக்க வேண்டும்.

அடுத்ததாகப் பூட்டப்போகும் செட் உறையோடு பெட்டியில் இருக்கட்டும், மிச்சமெல்லாம் பேணிக்கு. நைலோன் தந்தி போட்ட கிற்றார்காரருக்குத் துருக் கவலை இல்லை, உறையே போதும். சுற்றுக்கம்பி உள்ள தடித்த தந்திகளை மட்டும் பேணியில் சேர்த்துவிடுங்கள்.