பழைய காரா, கொஞ்சம் புதிய பழைய காரா?

என் காருக்கு 14 வயது. அதற்கே செலவழித்துக்கொண்டிருப்பதா, விற்றுவிட்டு 5 வயதுக் கார் ஒன்றை வாங்குவதா என்று சில மாதங்கள் யோசித்து, கடைசியில் பழையதையே வைத்துக்கொண்டேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது தெரிந்தே படியுங்கள். சாய்ந்த காரணம் உங்கள் வண்டிக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

என்னுடையது சிறிய ஹேட்ச்பேக். டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) இல்லாத பெட்ரோல் என்ஜின், கையால் போடும் கியர், 1,30,000 கிலோமீட்டர் ஓட்டம். போட்டிக்கு வந்தது அதைவிட ஒரு படி பெரிய வண்டி: டர்போ பெட்ரோல், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச்சை வைத்துத் தானே கியர் மாற்றும் வகை), ஓடோமீட்டரில் 60,000-க்குச் சற்றுக் குறைவு. வர்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஓட்டுவதற்குப் புதியதுதான் சுகம். இரைச்சல் குறைவு, பின்பக்கக் கேமரா, தொடுதிரை, முதுகைத் தாங்கும் இருக்கை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அதில் எனக்கு வாதமே இல்லை. மைலேஜிலும் அது கொஞ்சம் மேல். ஆனால் மைலேஜைக் காட்டி வண்டி மாற்றுவதை நியாயப்படுத்துகிறவர்கள் ஒருமுறை கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த இடத்தில் 17 கிடைத்தால், ஆண்டு முழுவதற்கும் மிச்சமாவது 80 லிட்டருக்கும் குறைவு. காப்பீட்டுத் தவணையில் கூடுகிற தொகை அதில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

மறுவிற்பனையும் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. கார் விலை முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகச் சரிகிறது. 14 வயது வண்டி சரிய வேண்டியதெல்லாம் சரிந்துவிட்டது. இனி இழக்க அதனிடம் அதிகம் இல்லை. 5 வயது வண்டியின் விலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்கியவர் பட்ட நஷ்டத்தில் பெரும்பகுதியை நாம் தவிர்த்துவிட்டோம் என்பது உண்மைதான். மிச்சப் பகுதி நம் தலையில்.

பராமரிப்புக்கு வருகிறேன். என் முடிவை நிர்ணயித்தது இது ஒன்றுதான்.

"வண்டியின் விலையைவிட ரிப்பேர் செலவு அதிகமானால் விற்றுவிடு" என்று ஒரு சூத்திரம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் வண்டியின் விலை என்பது நாளை அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் வரும் பணம். ரிப்பேர் செலவு என்பது அடுத்த சில ஆண்டுகள் அதில் நாம் பயணிப்பதற்குக் கொடுக்கும் பணம். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதில் பொருளே இல்லை. எதிரெதிரே நிற்க வேண்டியவை வேறு இரண்டு தொகைகள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பழைய வண்டி கேட்கப்போகும் செலவு ஒன்று. புதியதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் மூன்றாண்டுக்குப் பின் திரும்பி வராத பகுதி, பெயர் மாற்றும் செலவு, கடன் என்றால் வட்டி, கூடுதல் காப்பீடு, வாங்கியவுடன் செய்தாக வேண்டிய வேலைகள் எல்லாம் சேர்ந்தது மற்றொன்று. பெரும்பாலானோர் முதல் தொகையைப் பைசா சுத்தமாகக் கணக்கிட்டுவிட்டு இரண்டாவதில் வண்டி விலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பழைய வண்டியின் தொகையை நான் எப்படிப் பிடித்தேன் என்று சொல்கிறேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் நின்று, வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கோடு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஷாக் அப்சார்பர்கள், சஸ்பென்ஷன் புஷ்கள் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள்), என்ஜின் மவுன்டிங் (என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்), கூலன்ட் குழாய்கள், கிளட்ச். பட்டியலைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: பாதிக்கு மேல் ரப்பர். கார் "கிழடாகிவிட்டது" என்று நமக்குத் தோன்றும் உணர்வில் பெரும்பங்கு இறுகி வெடித்த ரப்பரிலிருந்து வருகிறது. பள்ளத்தில் இறங்கினால் கடகடப்பது புஷ்கள். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பல வண்டிகளில் காரணம் மவுன்டிங். என்ஜினின் உடல்நிலை இதிலிருந்து தனி. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமான அளவைக் காட்டினால், எண்ணெய் குடிக்காமல் இருந்தால், 1,30,000 கிலோமீட்டர் என்பது நன்றாகப் பராமரித்த பெட்ரோல் என்ஜினுக்கு நடுவயதுதான். பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டை ஏற்கெனவே மாற்றியிருந்தேன். பல என்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி என்ஜினே போய்விடும். அதனால் பழைய வண்டியை வைத்துக்கொள்ள நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய தேதி அது.

ஆக, செலவு சின்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னென்ன வரும், எது முதலில் வரும், எதைத் தள்ளிப்போடலாம் என்பது தெரிந்த செலவு.

இப்போது அந்த 5 வயது வண்டி. ஒருவர் ஏன் சரியாக அந்த வயதில் விற்கிறார்? ஏமாற்றுவதற்காக என்று சொல்ல வரவில்லை. அந்த வயதில் பல செலவுகள் கூடி வருகின்றன. தயாரிப்பாளர் உத்தரவாதம் முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். முதல் செட் டயர்களும் பேட்டரியும் ஓய்வு கேட்கும். நீண்ட ஆயுள் கூலன்ட், ஸ்பார்க் பிளக், கியர்பாக்ஸ் எண்ணெய் எல்லாம் மாற்றும் பெரிய சர்வீஸ் முன்னால் நிற்கும். விற்கப்போகும் வண்டிக்கு அதைச் செய்ய யாருக்கு மனம் வரும்? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் பழைய கார் சந்தையைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார்: வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது; அதனால் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார்; நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் ஒதுங்குவார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. நானும் என் வண்டியை விற்காமல் ஒதுங்கிய கூட்டத்தில் ஒருவன்தானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தொழில்நுட்பமும் மாறியிருக்கிறது. என் பழைய என்ஜினில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது. அதுவே வால்வைக் கழுவிவிடும். போட்டி வண்டியில் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை. சிக்கனம் கூடும்; ஆனால் வால்வின் பின்புறத்தைக் கழுவ ஆளில்லை, எண்ணெய் ஆவி படிந்து கரி சேரும் இயல்பு அந்த வகைக்கு உண்டு. என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது அதற்கு வழக்கமான வைத்தியம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அது எண்ணெயை நம்பித்தான் வாழ்கிறது. முந்தைய உரிமையாளர் ஒரு ஆயில் சர்வீஸைத் தவறவிட்டிருந்தால் அதன் விளைவு உடனே தெரியாது, பின்னால்தான் தெரியும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில், எண்ணெயில் மூழ்கிய வகைக்கு ஏறத்தாழ 60,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றச் சொல்வது பரவலான வழக்கம். நான் பார்த்த வண்டி நின்றதும் சரியாக அந்த வாசலில்தான். உலர் வகை என்றால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் சூடேறித் தேயும். ஆட்டோமேட்டிக் வண்டியை நீண்ட காலம் வைத்திருந்து பழகியவன் அல்ல நான். இதைப் பிரித்து மாட்டுகிறவர்கள் சொன்னதை வைத்துத்தான் எடைபோட்டேன். இவற்றில் எதுவும் கெட்டுத்தான் போகும் என்பதில்லை. சர்வீஸ் ஒழுங்காக நடந்திருந்தால் நன்றாகவே ஓடும். நடந்ததா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை தேட நான் பார்த்தவை சில உங்களுக்கும் உதவலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. வண்டியின் வயதோடும் ஓடோமீட்டரோடும் அதைப் பொருத்திப் பாருங்கள். 30,000 ஓடிய வண்டி இரண்டாம் செட் டயரில் நின்றால் காரணம் கேட்கலாம். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் ஓடோமீட்டரை விட நேர்மையானவை. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பிழைக் குறியீடு இல்லை என்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்தக் கணினி தானே செய்துகொள்ளும் சுயசோதனைகள் முடிந்தனவா என்ற நிலையையும் பாருங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மீண்டும் பார்க்கலாம் என்று கேட்டால் விற்பவர் முகம் மாறுகிறதா என்பதும் ஒரு சோதனைதான். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்: அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரமேறினால் எளிதில் கொதித்துப் பிரேக்கின் பிடி தளரும். டாட் 4 என்ற பரவலான வகையின் கொதிநிலைக்குத் தரநிர்ணயம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறியதற்கு 155. பல தயாரிப்பாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்த மலிவான வேலையைத் தவறாமல் செய்தவர் மற்றவற்றையும் செய்திருப்பார் என்று நம்பலாம்.

எனக்குக் காட்டப்பட்ட வண்டியில் இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தது, ரசீதும் இல்லை. அதற்காக அதை மோசமான வண்டி என்று சொல்ல முடியாது. ஆனால் என் மூன்றாண்டுக் கணக்கில் அந்த இடைவெளிக்கு ஒரு பெரிய தொகையை ஒதுக்க வேண்டியிருந்தது. அதோடு புதியதன் மொத்தம் பழையதை மிக எளிதாகத் தாண்டிவிட்டது.

பாதுகாப்பு விஷயத்தில்தான் என் வாதம் பலவீனமானது. வண்டி சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்சி அமைப்பு, அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. என் வண்டியில் இருக்கிறது. இல்லாதிருந்தால் மேலே சொன்ன அத்தனை கணக்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கியிருப்பேன். மோதலைத் தாங்கும் உடற்கட்டிலும் புதிய வண்டிகள் முன்னேறியிருக்கின்றன. அதைப் பழைய வண்டியில் எந்த மெக்கானிக்காலும் சேர்க்க முடியாது. இன்னொன்று: டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம். 2000-களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தயாரான பல கோடி வண்டிகள், வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகும், ஏர்பேக்கை ஊதவைக்கும் பொருளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பழையதை வைத்துக்கொள்வதானால் 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் விசாரிப்பது அவசியம். மாற்று வேலையைக் கட்டணமின்றிச் செய்துகொடுப்பார்கள்.

துருவுக்கும் மாற்று வாதம் கிடையாது. கதவோரத்தில் கொப்புளம் கண்டால் கவலையில்லை. அடிச்சட்டத்திலோ, சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ, ஜாக்கி வைக்கும் விளிம்பிலோ ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதென்றால் வண்டியை விடைகொடுத்து அனுப்புங்கள். அதன் மேல் புஷ், ஷாக் என்று ஒரு காசும் போட வேண்டாம். முக்கிய உதிரிபாகங்கள் உடைத்த வண்டியிலிருந்துதான் கிடைக்கும் என்ற நிலை வந்தாலும் அப்படியே. வழியில் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போய்விடும் என்ற தொழில் செய்பவர்களும், நம்பகமான மெக்கானிக் இல்லாதவர்களும் என் வழியில் வர வேண்டாம். அவர்கள் தெரிந்தவரிடமிருந்து, முழு ரசீதுகளோடு, முடிந்தால் டர்போ இல்லாத எளிய என்ஜின் கொண்ட 4 அல்லது 5 வயது வண்டியைத் தேடுவது மேல். அப்படியொன்று எனக்குக் கிடைத்திருந்தால் நானும் தடுமாறியிருப்பேன்.

வாங்கப்போவது மின்சார வண்டி என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச் எதுவும் அதில் இல்லை. பராமரிப்பின் பாரமெல்லாம் பேட்டரி மேல் விழுகிறது. பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். 5 வயது வண்டியில் அதில் மூன்றாண்டு மிச்சம் இருக்கலாம். ஆனால் அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா, எத்தனை சதவீதத் திறனுக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றித் தருவார்கள் என்ற இரண்டையும் விற்பவரிடம் கேட்காதீர்கள். தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.